தண்ணீர் ஹாலுக்கு நடந்துவரும் வீடு

கேள்வி: புது வீட்டுக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. சமையலறை இழுப்பறையைத் திறந்தால் பாதியிலேயே கதவு நிலையில் முட்டிக்கொள்கிறது. மொட்டை மாடிக்கு ஏறுகிற எல்லாரும் கடைசிப் படியில் தடுக்கிக்கொள்கிறார்கள். இதுவரை சிரித்துக்கொண்டுதான் இருக்கிறோம். இப்படி இன்னும் என்னென்ன வேடிக்கைகள் ஒளிந்திருக்கும்? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உங்களால் சிரிக்க முடிகிறது என்பதே நல்ல அறிகுறி. நான் 27 ஆண்டுகளாகத் திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் வீடு கட்டும் வேலையை மேற்பார்வை செய்துவருகிறேன். கோணல் இல்லாத வீடு ஒன்றைக்கூட இதுவரை பார்த்ததில்லை. நான் பக்கத்தில் நின்று கட்டிய வீடுகளும் இதில் அடக்கம். அந்தக் கதையும் வரும்.

இப்படி ஒன்றைப் பார்த்ததும் ‘எந்த மடையன் இதைச் செய்தான்’ என்று கேட்கத் தோன்றும். பெரும்பாலும் அப்படி ஓர் ஆள் இருக்கமாட்டார். கான்கிரீட் வார்க்கப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் ஆள், கம்பி கட்டுபவர், கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன், டைல்ஸ் போடுபவர், தச்சர், பெயிண்டர் என்று எட்டுப் பேர், ஒருவர் போனபின் ஒருவராக வருகிறார்கள். அவரவர் வேலையைத் தனியாகப் பார்த்தால் ஒழுங்காகத்தான் இருக்கும். ஒருவர் விட்ட இடத்தை அடுத்தவர் தொடும்போதுதான் கோமாளித்தனம் நுழைகிறது. உங்கள் இழுப்பறையையே எடுத்துக்கொள்ளுங்கள். தச்சர் அளந்தபோது அளவு சரியாகவே இருந்திருக்கும். நிலையைச் சுற்றி அழகுக்காக அடிக்கும் மரப்பட்டை அன்றைக்கு அடிக்கப்பட்டிருக்காது. பெயிண்ட் வேலைக்கு முந்தைய நாள் வேறொருவர் வந்து அதை அடித்துவிட்டுப் போயிருப்பார். முக்கால் அங்குலம்தான். ஓர் இழுப்பறையை மறிக்க அது போதும்.

ஆகவே சுவரின் நடுவில் தேடாதீர்கள். இரண்டு பேருடைய வேலை சேருகிற விளிம்பில் தேடுங்கள்.

தண்ணீரிலிருந்து தொடங்கலாம். அது யாருக்கும் முகதாட்சண்யம் பார்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவர் வாங்கவிருந்த வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். குளியலறையில் விலை உயர்ந்த டைல்ஸ், பளபளக்கும் குழாய்கள். விற்பவர் கூடவே நின்றுகொண்டிருந்தார். ஒரு வாளித் தண்ணீரை எடுத்து எதிர்ச் சுவரோரம் மெதுவாக ஊற்றினேன். தண்ணீர் வடிகால் வரை போனது, சற்றுத் தயங்கியது, பிறகு அதைச் சுற்றிக்கொண்டு வாசற்படிக்கு வந்தது. தேக்கு நிலையின் காலை நனைத்துவிட்டு ஹாலுக்குள் ஒரு சாண் தூரம் நடந்தது. விற்பவர் சட்டென்று ஒரு துண்டை எடுத்துப் போட்டார். அந்தத் துண்டு நான்காக மடிக்கப்பட்டு, கைக்கு எட்டும் உயரத்தில், அதற்கென்றே அடித்த ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரைவிட அந்த ஆணிதான் எனக்கு அதிகம் சொல்லியது.

இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். குளியலறை வரும் இடத்தில் கான்கிரீட் தளத்தையே பள்ளமாக இறக்கிப் போடுவோம். இந்தியக் கழிப்பறை வைப்பதாக இருந்தால் ஏறத்தாழ ஓர் அடி. குழாய்களெல்லாம் அந்தப் பள்ளத்தில் ஓடும். தரையில் சல்லடை மூடி தெரிகிறதே, அதன் அடியில் இருக்கும் கிண்ணத்துக்கு வேலைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் நானி டிராப். பிளம்பர் அதை ஓர் உயரத்தில் நிறுத்திக் கலவை போட்டு உட்காரவைத்துவிடுவார். அப்போது தரை என்று ஒன்றே கிடையாது. அது எந்த உயரத்தில் வரும் என்று அவர் ஊகிக்கத்தான் வேண்டும். என்ன டைல்ஸ் என்பதே வீட்டுக்காரர் குடும்பத்தில் இன்னும் முடிவாகியிருக்காது. சில வாரம் கழித்து டைல்ஸ் போடுபவர் வருகிறார். டிராப் அரை அங்குலம் தூக்கலாக இருப்பதைப் பார்க்கிறார். கொத்தினால் குழாய் உடையலாம். பிளம்பரோ வேறு ஊரில் வேறு வேலையில். டிராப்புக்குத் தக்கபடி தரையை உயர்த்தினால் ஹாலைவிடக் குளியலறை மேடாகிவிடும். அவர் நடுவாந்தரமாக ஏதோ ஒன்றைச் செய்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். யாரைக் குற்றம் சொல்வீர்கள்?

இந்தச் சரிவுக்கு எங்கள் வழக்கில் வாட்டம் என்று பெயர். 100 அங்குலத்துக்கு 1 அங்குலமாவது வேண்டும். குளியலறைக்கு 80-க்கு 1 வைத்தால் நிம்மதி. 8 அடி நீளமுள்ள குளியலறையில் இது ஓர் அங்குலத்துக்குச் சற்றே அதிகம். நம் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரிந்துவிடும். பால்கனி, துணி துவைக்கும் இடம், போர்ட்டிகோ எல்லாவற்றிலும் ஒரு வாளி ஊற்றிப் பாருங்கள். ஹாலில் ஒரு கோலிக்குண்டை வைத்துப் பார்க்கலாம். அது வாசலை நோக்கி லேசாக உருண்டால் பதற வேண்டாம். வீட்டைக் கழுவித் தள்ளுவதற்காக வேண்டுமென்றே அப்படி வாட்டம் வைப்பவர்கள் நம் ஊரில் உண்டு. கோலி பூஜை அறைக்குள் போய் உட்கார்ந்தால்தான் யோசிக்க வேண்டும்.

குளியலறையை விட்டு வெளியே வருமுன் இன்னும் இரண்டு. விருந்தினர் குளியலறையில் நாற்றம் வருகிறது என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். பாதி வீடுகளில் கட்டியவர் மீது தவறே இருக்காது. அந்தக் கிண்ணத்தில் எப்போதும் சுமார் 2 அங்குலம் தண்ணீர் நின்று சாக்கடைக் காற்றை மறிக்கிறது. வெயில் காலத்தில் யாரும் புழங்காத அறையில் அது வற்றிவிடும். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. இன்னொன்று வெந்நீர். இடப்பக்கம் சூடு, வலப்பக்கம் குளிர் என்பது வழக்கம். குழாய் இரண்டும் ஒரே வெளிர் மஞ்சள் நிறம். சுவருக்குள் போய்ப் பூச்சும் முடிந்துவிட்டால் எது எது என்று போட்டவருக்கே தெரியாது. ஒரு வீட்டில் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டிக்கு வெந்நீர்க் குழாயை இணைத்துவிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் ஃபிரிட்ஜைச் சந்தேகித்துக்கொண்டிருந்தார். ஒரு மார்கழிக் காலையில் கழிப்பறைக் கோப்பையிலிருந்து ஆவி வந்தபோதுதான் உண்மை புலப்பட்டது.

இனி உங்கள் மாடிப்படி. இதில் நான் ஒரு குற்றவாளி என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். படிக்குப் படி 6 அங்குலம் என்று கணக்குப் போட்டுக் கான்கிரீட் படிகளை வார்த்துவிடுகிறோம். அதுவரை எல்லாம் சமம். பிறகு ஒவ்வொரு படிமேலும் கலவையும் கிரானைட்டும் சேர்ந்து ஒன்றரை அங்குலம் ஏறுகிறது. எல்லாப் படியும் ஒரே அளவு ஏறுவதால் இடையில் உள்ளவற்றுக்குப் பாதிப்பில்லை. மாட்டிக்கொள்வது முதல் படியும் கடைசிப் படியும். கீழே ஹால் தரை 3 அங்குலம் ஏறினால் முதல் படி நாலரை அங்குலமாகக் குறுகிவிடும். மேலே மொட்டை மாடியில் வெயிலுக்கும் மழைக்கும் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, அதன்மேல் தட்டோடு என்னும் தட்டையான ஓட்டைப் பதிக்கிறோம். அது எளிதாக நாலரை அங்குலம் வந்துவிடும். அப்போது கடைசிப் படி 9 அங்குலம். இரண்டு மூன்று படி ஏறியதுமே நம் கால் உயரத்தை மனப்பாடம் செய்துகொண்டுவிடும். அதன்பின் பார்க்காமலே ஏறும். அப்படி ஏறி வந்த கால், அரை அங்குலம் மாறினாலே ஏமாறும், 3 அங்குலத்துக்குக் கேட்க வேண்டுமா? 2004-இல் நான் கட்டிய ஒரு வீட்டில் தட்டோட்டின் கனத்தைக் கணக்கில் எடுக்க மறந்துவிட்டேன். கிரகப்பிரவேசத்தன்று மாடிக்கு ஏறிய முதல் ஆள் நான்தான். தடுக்கிய முதல் ஆளும் நான்தான்.

அளவுநாடா இருந்தால் எல்லாப் படிகளின் உயரத்தையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி வீட்டுப் படியின் உயரம் 190 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, மிதிக்கும் அகலம் 250 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இன்னொரு பழைய கணக்கும் உண்டு: உயரத்தை இரண்டால் பெருக்கி மிதியகலத்தைக் கூட்டினால் 60 முதல் 64 சென்டிமீட்டருக்குள் வர வேண்டும். மனிதன் ஓரடி எடுத்துவைக்கும் நீளம் அது. வராவிட்டால் ஏறும்போது காலோடு சண்டை போடுவது போலவே இருக்கும்.

நம் ஊருக்கே உரிய ஒரு படிக்கோளாறும் இருக்கிறது. லாபம், நட்டம், லாபம், நட்டம் என்று சொல்லிக்கொண்டே ஏறி, கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும் என்பார்கள். கட்டி முடித்தபின் பெரியவர் யாராவது வந்து எண்ணுவார், நட்டத்தில் முடியும். உடனே அடியில் 2 அங்குல உயரத்துக்கு ஒரு கல் பலகையைப் பதித்து அதையும் ஒரு படி என்று கணக்கில் சேர்ப்பார்கள். நட்டம் நீங்கிவிடும். அந்தக் குட்டிப் படியில் கால் பிசகி எலும்பு மருத்துவரிடம் போகிறவர்களுக்கு அந்த லாபம் எப்படிப் போகிறது என்று யாரும் எண்ணுவதில்லை.

சில வேடிக்கைகளுக்கு வேர் காகிதத்தில் இருக்கிறது. வரைபடம் மில்லிமீட்டரில், மேஸ்திரியின் நாடா அடியிலும் அங்குலத்திலும், வீட்டுக்காரரின் கணக்கு தசமத்தில். அறை நீளம் 10 அடி 10 அங்குலம் என்பதை 10.10 என்று துண்டுச் சீட்டில் எழுதித் தருவார்கள். கால்குலேட்டரில் தட்டினால் அது 10.1 அடி, அதாவது 10 அடி 1 அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகம். வித்தியாசம் ஏறத்தாழ 9 அங்குலம். ஒரு செங்கல் சுவரின் கனம். கட்டிலிலிருந்து ஒரு பக்கமாக மட்டுமே இறங்க முடிகிற அறைகளுக்கும், பீரோ நுழையாத மூலைகளுக்கும் இந்தப் புள்ளி காரணமாக இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

அறை சதுரமாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி வேண்டாம். தரையில் டைல்ஸ் கோட்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்துபோங்கள். ஒரு மூலையில் முழு டைல்ஸாக இருப்பது மறுமூலையில் விரற்கடை அகலத் துண்டாகக் குறுகினால் அந்தச் சுவர் கோணல். உறுதிசெய்ய வேண்டுமானால் மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடியும் மறு சுவரில் 4 அடியும் குறித்து, இரண்டு குறிக்கும் இடையே அளந்துபாருங்கள். சரியாக 5 அடி வர வேண்டும். சுவர் தூக்குக்கு, அதாவது சாயாமல் செங்குத்தாக, நிற்கிறதா என்பதற்குச் சன்னல்தான் சாட்சி. சன்னலின் பக்கவாட்டுச் சுவரின் ஆழத்தை மேலும் கீழும் அளந்தால், ஓரிடத்தில் பூச்சு அரை அங்குலம், ஓரிடத்தில் ஒன்றரை அங்குலம் என்று தெரியவரும். ‘பூச்சில் சரிக்கட்டிவிடலாம் சார்’ என்ற வாக்கியம் எங்கள் தொழிலில் தினமும் ஒலிப்பது. இது இன்று நேற்று வந்ததல்ல. 1173-இல் தொடங்கிய பிசா கோபுரம் மூன்றாம் தளம் எழும்போதே சாயத் தொடங்கிவிட்டது. பின்னால் வந்தவர்கள் மேல்தளங்களைச் சாய்ந்த பக்கம் சற்று உயர்த்திக் கட்டிச் சரிக்கட்டப் பார்த்தார்கள். சாய்வு நிற்கவில்லை, கோபுரம் வாழைப்பழம் போல வளைந்ததுதான் மிச்சம்.

கதவுகளைப் பற்றிச் சுருக்கமாக முடித்துவிடலாம். வீட்டில் உள்ள எல்லாக் கதவுகளையும் ஒரே நேரத்தில் திறந்துவையுங்கள். எவை ஒன்றோடொன்று மோதுகின்றன, எது ஸ்விட்ச் பெட்டியை மறைக்கிறது, எது கழிப்பறைக் கோப்பையில் இடித்து முக்கால்வாசியோடு நிற்கிறது என்று தெரிந்துவிடும். பரண் கதவைத் திறக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டுத் திறங்கள். கதவின் முனையில் வரிசையாக வெட்டுக்காயம் பட்ட பரண்களைப் பார்த்திருக்கிறேன். மின்விசிறி இறக்கைக்கு நேர் மேலே விளக்கு வைத்திருந்தால் அறையே சிமிட்டிக்கொண்டிருக்கும். அங்கே உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்குத் தலைவலி வந்தால் கண்ணாடிக் கடைக்குப் போகுமுன் கூரையைப் பாருங்கள்.

மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு ஸ்விட்ச் இருக்கும். எதைத் தட்டினாலும் விளக்கு மாற வேண்டும். சில வீடுகளில் கீழ் ஸ்விட்ச் ஒரு நிலையில் இருந்தால்தான் மேல் ஸ்விட்ச் வேலை செய்யும். இல்லையென்றால் எத்தனை முறை தட்டினாலும் இருட்டுதான். மேலிருந்து ‘கீழே கொஞ்சம் போடு’ என்று கத்துவது அந்தக் குடும்பத்தின் மாலை நேரப் பழக்கமாகவே ஆகிவிட்டிருக்கும். ஸ்விட்சின் மூன்று முனைகளில் பொது முனைக்கு வர வேண்டிய கம்பி பக்கத்து முனைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். எலக்ட்ரீஷியனுக்குப் பத்து நிமிட வேலை.

மின்சாரத்தில் இதுவரைதான் சிரிக்கலாம். ஸ்விட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. விளக்கு மங்கலாக மினுங்குகிறதென்றால் கவனியுங்கள். ஸ்விட்சிலேயே சிறு இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதனாலும் அப்படி வரும், கவலையில்லை. அது இல்லாமலே மினுங்கினால், மின்சாரம் வருகிற ஃபேஸ் கம்பியை நிறுத்த வேண்டிய ஸ்விட்ச், அது திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பியை நிறுத்திக்கொண்டிருக்கலாம். அணைத்துவிட்டோம் என்று நம்பி பல்பைக் கழற்றுகிறவர் உயிருள்ள கம்பியைத் தொடுகிறார். மூன்று துளை பிளக்கின் மேல் துளையும் அப்படித்தான். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கடத்த அதற்குள் நுழைகிற எர்த் பின் மற்றவற்றைவிட நீளமாக இருப்பது முதலில் அது தொட வேண்டும் என்பதற்காக. பல வீடுகளில் அந்தத் துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. இவற்றை நீங்களே நோண்டாமல் எலக்ட்ரீஷியனை விட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் ஒரு மீட்டருக்குக் குறைந்திருந்தாலும் சிரிக்கக் கூடாத இதே பட்டியல்தான். தரையை உயர்த்திக்கொண்டே போனால் சுவர் தானாகவே குட்டையாகிவிடும் என்பதை மறந்துவிடுகிறோம். உங்கள் மாடியில் தரை உயர்ந்த அளவுக்குக் கைப்பிடிச் சுவர் குறைந்திருக்கும், இன்றே அளந்துபாருங்கள்.

மழை பெய்யும்போது குடையோடு வெளியே வந்து வீட்டை ஒருமுறை சுற்றுங்கள். மொட்டை மாடித் தண்ணீர் சரியாக உங்கள் வாசற்படியின் மேல் கொட்டுகிறதா, சன்ஷேடின் விளிம்பில் சொட்டாமல் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்குப் போகிறதா என்று பாருங்கள். விளிம்பின் அடியில் ஒரு விரல் அகலத்துக்குப் பள்ளக்கோடு இழுத்திருந்தால் தண்ணீர் அங்கே அறுந்து விழும். அந்தக் கோட்டை விட்டுவிட்ட வீடுகளில்தான் சன்னலுக்கு மேலே ஓதம் தாடி மாதிரி இறங்கியிருக்கும். தெருவையும் பாருங்கள். பழைய சாலைமேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, ஐந்து படி ஏறிப் போன வீடுகள் இரண்டு படிக்கு வந்துவிட்டன, வெளிப்பக்கம் திறந்த கேட் திறக்காமல் போய்விட்டது. 2021 மே மாதத்தில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர், பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிதாகப் போட வேண்டும் என்று உத்தரவிட்டார். அதற்குள் பல வீடுகள் பள்ளத்துக்குள் போயிருந்தன.

தவறு என்று சொல்ல முடியாத வேடிக்கைகளும் உண்டு. மாடி எடுக்கும்போது உதவும் என்று துருப்பிடித்து நிற்கும் கம்பிகள், வருங்கால இரண்டாம் மாடிக்காக வானத்தை நோக்கி ஏறி அப்படியே நின்றுவிட்ட படிகள். ஜப்பானியக் கலைஞர் அகசெகாவா கென்பெய் 1972-இல் தோக்கியோவின் யோட்சுயா பகுதியில் இப்படி எங்கும் போகாத ஒரு படிக்கட்டைப் பார்த்தார். ஏறலாம், இறங்கலாம், வாசல் இல்லை. ஆனால் அதன் கைப்பிடியை யாரோ அக்கறையாகப் பழுதுபார்த்திருந்தார்கள். அதுபோன்றவற்றைத் தேடித் திரிந்து, அவற்றுக்கு ‘தோமசன்’ என்று பெயரும் வைத்தார். பெரும் சம்பளத்துக்கு ஜப்பானுக்கு வந்து, பந்தை அடிக்காமலே மட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்த கேரி தாமசன் என்ற அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரரின் பெயர் அது. நம் மொட்டை மாடிகளை அகசெகாவா பார்த்திருந்தால் ஊர் திரும்பியிருக்கமாட்டார்.

உங்கள் இரண்டுக்கும் மருந்து: இழுப்பறைப் பெட்டியை நிலையிலிருந்து ஓர் அங்குலம் பக்கவாட்டில் தள்ளி, நிலையோரம் ஒரு மரச்சட்டத்தால் நிரப்பச் சொல்லுங்கள், தச்சருக்கு அரை நாள் வேலை. கடைசிப் படியைத் தனியாகச் சரிசெய்ய வழியில்லை. மிகுந்துபோன உயரத்தை எல்லாப் படிகளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டுக் கிரானைட்டைத் திரும்பப் போட வேண்டும், செலவு பிடிக்கும். அதுவரை அதன் விளிம்பில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பட்டை ஒட்டி, அந்த இடத்துக்கு ஒரு விளக்கும் போட்டுவிடுங்கள்.

என் சொந்த வீட்டில் குளியலறை ஸ்விட்ச் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளே போய், கதவைச் சாத்தி, இருட்டில் தடவினால்தான் கிடைக்கும். போன வருடம் அதை மாற்ற எலக்ட்ரீஷியனை அழைத்துவந்தேன். என் மனைவி வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். வருகிற சொந்தக்காரர்களில் யார் நம் வீட்டுக்கு அடிக்கடி வந்து பழகியவர், யார் கல்யாணப் பத்திரிகை கொடுக்க மட்டும் வருகிறவர் என்பது அந்த ஸ்விட்சை வைத்துத்தான் தெரிகிறதாம்.